வருட வரிசையை விடுங்கள்

தேசிய விருதில் சிறந்த படமாகத் தேர்வானவற்றை 1953-இலிருந்து வரிசையாகப் பார்க்கக் கிளம்பி, வங்காளப் படங்களின் சப்டைட்டிலைத் துரத்தியே அலுத்து நின்றுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வரிசையை யார் கேட்டார்கள்? பெங்களூரில் இருக்கிறீர்கள், காய்கறிக் கடையில் கன்னடம் பேசிச் சமாளிப்பீர்கள்தானே. அந்த விருது வாங்கிய கன்னடப் படங்களான 1970-இன் 'சம்ஸ்காரா', 1975-இன் 'சோமன துடி', 1977-இன் 'கடஷ்ராத்தா' மூன்றையும் முதலில் பாருங்கள். சோமனுக்கு வேண்டியது உழுவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். கிடைக்காத ஆத்திரத்தையெல்லாம் துடி என்ற மேளத்தில் அடித்துத் தீர்ப்பான். அந்தச் சத்தத்துக்கு சப்டைட்டில் எதற்கு? தமிழுக்கு முதலில் அந்த விருதை வாங்கித் தந்த 'மறுபக்கம்' 1990-இல்தான் வருகிறது, அதையும் நடுவில் செருகிக்கொள்ளுங்கள். அப்புறம், போனில் மட்டும் பார்க்காதீர்கள். பனசங்கரியில் இருக்கும் சுசித்ரா திரைப்படச் சங்கத்தில் பழைய படம் ஏதாவது திரையிடுகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.