வேலியும் ஜிபிஎஸ்ஸும்: ஓய்வுபெற்ற சர்வேயர் பதில்கள்

கேள்வி: எங்கள் மனை 3 சென்ட். பக்கத்து மனைக்காரர் போனில் ஏதோ ஆப்பைப் போட்டுக்கொண்டு சுற்றி நடந்துவிட்டு, "உங்கள் வேலி என் பக்கம் 4 அடி வந்திருக்கிறது" என்கிறார். சாட்டிலைட் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?
– வாசகி, பெருந்துறை

பதில்: 4 அடியைக் கண்டுபிடிக்கிற வேலை போனுக்கு ஆகாதம்மா. வானம் நன்றாகத் தெரிகிற வெட்டவெளியிலேயே அது 5 மீட்டர், அதாவது 16 அடி முன்னே பின்னே காட்டும். 3 சென்ட் என்றால் 30-க்கு 43 அடி இருக்குமா? அகலத்தில் பாதி பிழையிலேயே போய்விட்டது! பக்கத்தில் மாடி வீடு இருந்தால் இன்னும் மோசம். சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னலையும் நேராக வந்ததாகவே போன் எடுத்துக்கொள்ளும்.

ஜிபிஎஸ் உள்ளுக்குள் அளப்பது நேரத்தைத்தான். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து கிளம்பிய சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமானது என்று பார்க்கிறது. அதில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும்.

சர்வேயர் கொண்டுவருகிற டிஜிபிஎஸ், அதாவது பிழையைத் திருத்திக்கொள்ளும் ஜிபிஎஸ், கதை வேறு. நான் சங்கிலி பிடித்து வேலை கற்றவன். முதலில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் ஒரு கருவியை நிறுத்திவிடுவார்கள். அது தன் இடத்தை எவ்வளவு தப்பாகக் கணிக்கிறதோ, அதுதான் அந்த நேரத்துப் பிழை. சர்வேயர் கையில் எடுத்துப்போகும் இன்னொரு கருவி, ரோவர், அதைக் கழித்துக்கொள்ளும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வந்துவிடும். கல் நட அது போதும்.

புலப்படத்தை (மனையின் சர்வே வரைபடம்) எடுத்து வைத்துக்கொண்டு, அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி விண்ணப்பம் கொடுங்கள். அதுவரை வேலியில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

கேள்வி: ராணுவத்துக்கு நல்ல ஜிபிஎஸ், நமக்கு மட்டும் மங்கலானது என்கிறார்களே?
– வாசகர், கடலூர்

பதில்: 2000 மே வரை அது உண்மைதான். அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. 100 மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அதிபர் கிளின்டன் உத்தரவு போட்டு நிறுத்தினார். ராணுவத்துக்குத் தனிச் சிக்னல் இன்றும் உண்டு. யாராவது போலிச் சிக்னல் அனுப்பினால் அது லேசில் ஏமாறாது.

கேள்வி: கத்திப்பாரா பாலத்தில் மேலே போகிறேனா, கீழே போகிறேனா என்று மேப்புக்குத் தெரியவில்லையே?
– வாசகர், ஆலந்தூர்

பதில்: போனுக்குச் சிக்னல் கிடைக்கிற சாட்டிலைட் எல்லாமே நம் தலைக்கு மேலே, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் உயரக் கணக்கில்தான் பிசகு அதிகம். அங்கே பெயர்ப்பலகையைப் பார்த்து ஓட்டுங்கள்.