கையில வாள் இருந்தும் வெட்டாத மூணு பேரு

நாகர்கோவில் வாசிப்பு கூட்டத்துல இங்கிலீஷ் எழுத்தாளர் டோல்கீனோட தி ஹாபிட், தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதைகள பேசினப்போ நேரம் பத்தல, விட்டுப்போன கேள்விகளுக்கு இப்போ பதில் சொல்லுகேன். கெட்ட சக்தி உள்ள ஒரு மோதிரத்த, அது செஞ்ச எரிமலை நெருப்புலயே போட்டு அழிக்க ஃப்ரோடோ சுமந்துட்டு போறதுதான் ரெண்டாவது கதை. முடிவு வரைக்கும் சொல்லியிருக்கேன், இனிமே வாசிக்கப் போறவங்க பாத்துக்கிடுங்க.

தக்கலை, காலேஜ் மாணவி: அண்ணே, ஃப்ரோடோ கடைசியில மோதிரத்த நெருப்புல போடாம எனக்குத்தான்னு சொல்லிட்டானே, அவன் எப்படி ஹீரோ?

தோத்தது உண்மைதான் மக்கா. ஆனா அந்த மோதிரம் செஞ்ச எடத்துல வச்சு, அதுவும் அவ்வளவு நாள் சுமந்தவன், மனசார அத எறிய யாராலயும் முடியாதுன்னு டோல்கீனே ஒரு கடிதத்துல எழுதியிருக்காரு. சோறு தண்ணி இல்லாம, கழுத்துல பாரம் கூடிக்கிட்டே போக, அவன் மலையில தவழ்ந்து ஏறுனான் பாருங்க, அதுதான் அவன் வேலை. மிச்சத்த, முன்ன அந்த மோதிரத்த வச்சிருந்து தொலைச்சுட்டு அதுக்காகவே ஏங்கி அலைஞ்ச கோல்லம் முடிச்சான், ஃப்ரோடோ விரல கடிச்சு மோதிரத்தோட தீயில விழுந்து. அந்த கோல்லம் அன்னைக்கு வரைக்கும் எப்படி உயிரோட இருந்தான்னு யோசிங்க.

குளச்சல், ஒரு தம்பி: அவன கொல்லாம விட்டத சொல்லுகீங்களா? பயந்தவனும்தான் வெட்டமாட்டான்.

இல்ல தம்பி. ஃப்ரோடோவுக்கு முன்ன மோதிரத்த வச்சிருந்த அவன் சொந்தக்காரன் பில்போ, தி ஹாபிட் கதையில, ஒரு குகையில அந்த மோதிரத்த போட்டுக்கிட்டு கண்ணுக்குத் தெரியாம நிக்கான், கையில வாள் இருக்கு, கோல்லம் வெறுங்கையோட வழிய மறிச்சு உக்காந்திருக்கான், குத்திட்டு போனா கேக்க ஆளில்ல. அந்த நேரத்துல அவனுக்கு எதிரியோட தனிமை மனசுல படுது, அதனால உயிர பணயம் வச்சு அவன் தலைக்கு மேல தாவி ஓடுகான், மேல இடிச்சிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். 1937ல வந்த முதல் பதிப்புல இது கெடையாது, அங்க கோல்லமே வழி காட்டுவான், 1951 பதிப்புலதான் மாத்தி எழுதுனாரு. பெறவு ஃப்ரோடோவும் விடுகான், கடைசியில எரிமலைச் சரிவுல, ஃப்ரோடோ கூடவே வந்த அவன் தோட்டக்காரன் சாமும் வாள ஓங்கிட்டு வெட்ட முடியாம விடுகான், கொஞ்ச நேரம் அந்த மோதிரத்த தானும் சுமந்ததுனால அதோட வேதனை அவனுக்கு தெரியும். இதுல ஒருத்தர் வெட்டியிருந்தாலும் கதை தோத்திருக்கும்.

குலசேகரம், ஒரு அக்கா: எங்க அப்பா ரப்பர் பால்வெட்டுக்கு விடியதுக்கு முன்ன தனியா போவாங்க, யாரும் பாராட்டுனதில்ல. சாம் பேசும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான்.

சரியா சொன்னீங்க அக்கா. டோல்கீன் முதல் உலகப் போர்ல, 1916ல பிரான்ஸ்ல சோம் போர்க்களத்துல இருந்தவரு, அங்க கூட இருந்த சாதாரண சிப்பாய்கள மனசுல வச்சுத்தான் சாம எழுதுனேன்னு சொல்லியிருக்காரு. மோதிரம் அவனுக்கு ஆச காட்டுனதும் தோட்டத்த வச்சுத்தான், பெரிய நாடு பூரா உனக்குத் தோட்டமாகும்னு. தன் கையால பாக்குற சின்னத் தோட்டம் போதும்னு அவன் வேண்டாம்னுட்டான். ஊர் திரும்புன பெறவு, தன் தோட்டத்துக்குன்னு பரிசா கிடைச்ச ஒரு பெட்டி மந்திர மண்ண ஊர் பூரா மரம் வெட்டுன எடத்துலயெல்லாம் தூவுனான். எனக்கு அந்தப் பக்கங்கள் போர விட பெருசா படுகு.

மார்த்தாண்டம்: பையன் எட்டாங்கிளாஸ், எதுல ஆரம்பிக்க?

தி ஹாபிட். இங்கிலீஷ் கஷ்டம்னா ராத்திரி ஒரு அத்தியாயம் நீங்க சத்தமா வாசிங்க. அஞ்சாவதுல விடுகதைப் போட்டி வரும், அங்க விடைய உடனே வாசிச்சிராதீங்க, அவனையே சொல்ல விடுங்க.