ஆடிக்கொண்டே பாடும்போது சுருதி இறங்குவது குறித்து

வணக்கம். நின்று பாடும்போது சுருதி பிசகாத உங்கள் மேல்நிலை மாணவர்கள், இசை நாடகத்தில் அசைவுகளைச் சேர்த்ததும் சுருதி இறங்கித் தாளத்திலும் பின்தங்குவதாக எழுதியிருந்தீர்கள். சுருதிக் குறைக்குக் காரணம் அவர்களுடைய காது அன்று, மூச்சு என்றே கருதுகிறேன். உடல் உழைக்கும்போது மூச்சு மேலோட்டமாகிவிடுகிறது; நீண்ட வரியின் முடிவில் காற்றின் அழுத்தம் தளர்ந்து, சுருதியும் உடன் இறங்குகிறது. ஆகவே, எந்தச் சொல்லுக்குப் பின் மூச்சு எடுப்பது என்பதை ஒவ்வொரு வரிக்கும் முடிவு செய்து, அதை அனைவரும் தாளில் குறித்துக்கொண்ட பிறகே அசைவுகளை அமைக்கச் சொல்லுங்கள். கடினமான அடவுகளைப் பாடல் இல்லாத இடையிசைப் பகுதிக்கு நகர்த்த நடன ஆசிரியர் இசைந்தால், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். முதலில் நடந்துகொண்டே, மெதுவான காலத்தில் பாடவையுங்கள்.

தாளம் பின்தங்குவதற்கு மேடையின் ஆழமும் காரணமாகலாம். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆவதால், வாத்தியங்களுக்கு 12 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு இசை சுமார் 35 மில்லிநொடி தாமதமாகவே கேட்கும். அவர் பாடுவது அரங்கை அடைய அதே அளவு நேரம் மீண்டும் ஆகும். மேடையோரம் ஓர் ஒலிபெருக்கியைப் பின்னால் நிற்பவர்களை நோக்கி வையுங்கள். பின்வரிசையினர் காதைவிட இசை நடத்துநரின் கையசைவையே நம்பட்டும்.

குரல் இன்னும் நிலைபெறாத மாணவர்களுக்காகச் சுருதியை ஒரு கட்டை குறைக்கத் தயங்க வேண்டாம். இறுதி வாரத்தில் எல்லா ஒத்திகையிலும் முழுக்குரலில் பாடவைப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.