கச்சானையும் வாடையையும் தாங்கும் ஹோல்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய றெக்சின் செற்றி முதுகில் ஒட்டுகிறது, இப்போது உரிந்தும் வருகிறது. இயற்கைப் பொருட்களால் ஹோலை அமைக்க எதில் பணம் போடுவது, அப்பப்பாவின் தொய்ந்துபோன இரண்டு பிரம்புக் கதிரைகளை எறிந்துவிடலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, றெக்சின் என்பது துணியின் மேல் பூசிய பிவிசி பிளாஸ்டிக். வியர்வை போக அதில் வழியில்லை. சூட்டில் அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெல்ல வெளியேற, மேற்பூச்சு வெடித்து உரியும். அதைத் திருத்தச் செலவழிக்க வேண்டாம்.

திருகோணமலையில் எந்தப் பொருளையும் இரண்டு காற்றை நினைத்துத்தான் வாங்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் அடித்து எல்லாவற்றையும் காய வைக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடையும் மழையும். இதற்கு நடுவே உப்பு வேறு. உப்பு படிந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே ஈரத்தை வாங்கி, லேசாகக் காய்ந்துவிடும் பொருளாகப் பாருங்கள்.

பணத்தை முதலில் உடம்பில் படும் இடத்தில் போடுங்கள். 100 கிராம் காய்ந்த பருத்தி, சாதாரண காற்றிலிருந்தே ஏறக்குறைய 8 கிராம் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். பொலியெஸ்டர் அரை கிராம் கூட எடுக்காது. முதுகு ஒட்டுவதும் ஒட்டாததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. மருதமுனைக் கைத்தறியில் தடித்த நெசவாகப் பார்த்து வாங்குங்கள். தைக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை நனைத்துக் காயவிடுங்கள், முதல் கழுவலில் பருத்தி சுருங்கும். உறைகளைக் கழற்றித் துவைக்கும்படி சிப் வைக்கச் சொல்லுங்கள். அது நைலோன் சிப்பாக இருக்கட்டும், உலோகச் சிப் உப்புக் காற்றில் இறுகிவிடும்.

மெத்தைக்குள் தென்னந்தும்பு வையுங்கள். உப்புத் தண்ணீரிலேயே கயிறாகக் கிடந்து தாங்குகிற நார் அது, காற்றும் உள்ளே போய் வரும். சாயும் தலையணைக்கு இலவம்பஞ்சு நல்லது. நாளடைவில் அமுங்கும், வெயிலில் போட்டுத் தட்டினால் திரும்ப எழும்பும்.

மரத்தில் தேக்கு, முதிரை, வேம்பு மூன்றையும் நம்பலாம். மலிவாகக் கிடைக்கும் றப்பர் மரத்துக்குப் பூச்சி அரிக்காமல் போரொன் மருந்து ஏற்றுவார்கள். மரம் திரும்பத் திரும்ப நனைந்தால் அந்த மருந்து கழுவுப்பட்டுப் போகும். என் வீட்டில் அப்படியொரு மேசையை மழைக்காலம் முழுவதும் ஈரச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். அடுத்த மாரிக்குள் காலடியில் மாவாகக் கொட்டிக் கிடந்தது. எந்த மரமானாலும் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். கச்சானில் மரம் சுருங்கும், மாரியில் ஊதும். அதனால் மேசைப் பலகையை இறுக்கி ஒட்டாமல் அசைய இடம் விடும்படி ஓடாவியிடம் சொல்லுங்கள். ஆணி, திருகாணி எல்லாம் பித்தளையில் அல்லது 316 தரத் துருப்பிடிக்காத உருக்கில் கேளுங்கள். இரும்பாணி துருவேறி மரத்தையும் கறுப்பாக்கும்.

தரைக்குச் சீமெந்தே போதும், அதன் குளிர்ச்சிக்கு மேல் வேறு எதுவும் தேவையில்லை. ஒரு பன்பாய் விரியுங்கள், மழை தொடங்கும் முன் நன்றாக வெயில் காட்டிச் சுருட்டி உயரத்தில் வைத்துவிடுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சுவிடும், பூஞ்சணமும் எளிதில் பிடிக்காது. ஆனால் பழைய எமல்ஷன் மேலே அது ஒட்டாது, சுரண்டிய பிறகே அடிக்க வேண்டும்.

சரி, அப்பப்பாவின் கதிரைகள். தயவுசெய்து எறிய வேண்டாம். கவிழ்த்துப் போட்டு, பின்னலில் அறுந்த இழை இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் புதிதாகப் பின்னத்தான் வேண்டும், சட்டம் உறுதியாக இருந்தால் அந்தச் செலவு வீண்போகாது. அறாமல் தொய்வு மட்டும்தான் என்றால், சுடுதண்ணீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். அடிப்பக்கம்தான் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், மினுக்கமான மேல்பக்கம் குடிக்காது. பிறகு நிழலில் காற்றோட்டமாக விடுங்கள். காயக் காயப் பிரம்பு சுருங்கி இறுகும். முழுதாகக் காயும்வரை ஒருவரும் உட்காரக் கூடாது, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். இந்த வேலையைக் கச்சான் அடிக்கும் நாளில் காலையிலேயே தொடங்குங்கள்.