பிரஷர் சரியாக இருந்தும் பிரஷர் மாத்திரை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. கல்லீரல் சிரோசிஸ். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பதாகச் சொல்லி, கார்வெடிலால் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் பார்த்தால் பிரஷர் 120/80தான். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கையில் பட்டை கட்டிப் பார்ப்பது தமனியின் அழுத்தம். அப்பாவுக்குக் கூடியிருப்பது போர்ட்டல் சிரையின் அழுத்தம். அதை அந்தக் கருவி காட்டாது.

குடல், மண்ணீரல் ரத்தமெல்லாம் இந்தச் சிரை வழியாகத்தான் கல்லீரலுக்குப் போகிறது. குடி, ஹெபடைடிஸ் பி, சி, கொழுப்புக் கல்லீரல் என எதனால் வந்தாலும், சிரோசிஸில் கல்லீரலுக்குள் தழும்பு ஏறி வழி குறுகிவிடுகிறது. மதகை அடைத்த வாய்க்கால் கரை மீறுவதுபோல ரத்தம் பக்கவழி தேடுகிறது. அப்படிப் புடைத்தவைதான் உணவுக்குழாயின் அடிப்பகுதிச் சிரைகள். கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10 ஆனால் சிரைகள் புடைக்கலாம், வயிற்றில் நீர் சேரலாம். 12 தாண்டினால் ரத்தக்கசிவு அபாயம்.

கார்வெடிலால் குடலிலிருந்து வரும் ரத்த வரத்தைக் குறைக்கிறது, கல்லீரலுக்குள் உள்ள இறுக்கத்தையும் கொஞ்சம் தளர்த்துகிறது. பெரும்பாலும் 6.25 மி.கி.யில் தொடங்கி 12.5 வரை கூட்டுவார்கள். திடீரென நிறுத்தினால் ரத்தக்கசிவு ஆபத்து மீண்டும் ஏறும். ஆனால் மேல் பிரஷர் 90க்குக் கீழே போனாலோ, நாடி 50ஐ ஒட்டி இறங்கினாலோ, தலைசுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்று அவர் முடிவெடுப்பார். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால், எண்டோஸ்கோப்பி வழியே புடைத்த சிரைகளுக்கு ரப்பர் வளையம் போடலாம்.

ரத்த வாந்தி எடுத்தாலோ, மலம் கறுப்பாகப் பிசுபிசுவென்று போனாலோ, நள்ளிரவானாலும் எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டெர்லிப்ரெசின் போன்ற ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து, 12 மணி நேரத்துக்குள் வளையம் போடப் பார்ப்பார்கள். அதற்கும் நிற்காவிட்டால், கல்லீரலுக்குள்ளேயே ஸ்டென்ட் வைத்து ரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் 'டிப்ஸ்' முறை இருக்கிறது.

மூல காரணத்தையும் விட்டுவிடாதீர்கள். குடிப்பவரென்றால் அடியோடு நிறுத்த வேண்டும். ஹெபடைடிஸ் சி என்றால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் வைரஸ் போய்விடும். அப்புறம், மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென் மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு இரண்டையும் அவை கொண்டுவரும்.