அறிவியல் அற்புதங்களும் நம் ஈமானும் (இறைநம்பிக்கையும்) – கடிதம்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். செந்தூலில் இருந்து எழுதுகிறேன். பொறியியல் முடித்துவிட்டு வேலை பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒரு நண்பன் பெரியார் கொள்கைக்காரன், கடவுள் இல்லை என்பவன். பிரபஞ்சம் விரிவடைவதைக் குர்ஆன் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது என்று ஒரு வீடியோ வந்தது, அதைக் குழுவில் போட்டேன். "சரி, 1929க்கு முன்னால் அந்த வசனத்தை வைத்து அதைச் சொன்ன ஒரே ஒரு முஸ்லிம் பெயரைச் சொல்" என்றான். ரோமர்கள் வெல்வார்கள் என்ற முன்னறிவிப்பைச் சொன்னேன். அது முன்னாலேயே சொல்லப்பட்டது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். சூரியன் சேற்று நீரில் மறைவதாகவும் குர்ஆனில் இருக்கிறதே என்று கடைசியாக ஒன்று போட்டான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து தொழுகையில்கூட மனம் நிற்க மாட்டேன் என்கிறது. அவன் வாயை அடைக்கிற மாதிரி ஒரு ஆதாரம் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)
கோலாலம்பூர்

*

அன்புத் தம்பிக்கு,

வ அலைக்கும் ஸலாம். வாயை அடைக்கிற ஆதாரம் என்னிடம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் நண்பர் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. நேர்மையான பதில், அப்படி ஒரு பெயரும் எனக்குத் தெரியாது என்பதுதான்.

நீங்கள் காட்டிய 51ஆம் அத்தியாயத்து 47ஆம் வசனத்துக்கு நம் பழைய தஃப்ஸீர் (குர்ஆன் விரிவுரை) ஆசிரியர்கள் இறைவனின் ஆற்றல், வானத்தின் விசாலம் என்றெல்லாம் விளக்கம் எழுதினார்கள். விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன என்று எழுதவில்லை. இத்தனைக்கும் மலை உச்சியில் நின்று தொடுவானத்தின் சரிவை அளந்து பூமியின் அளவைக் கணக்கிட்ட அல்பிரூனி பிறந்த சமூகம் நம்முடையது. வசனத்தில் இருந்து நேராக எடுத்துவிடக்கூடிய விஷயமாக இருந்திருந்தால் அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள். 1927இல் லெமைத்ரேயும் 1929இல் ஹப்பிளும் சொன்ன பிறகுதான் நாம் திரும்பிப் போய் வசனத்தில் அதைப் பார்க்கிறோம். பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் புக்காய் 1976இல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்த வகைப் பேச்சு பெருகியது, இன்றைக்கு வீடியோவாக உங்கள் போனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்டுபிடிப்பது யாரோ, கண்டுபிடித்த பிறகு "எங்களிடம் ஏற்கனவே இருந்தது" என்று சொல்வது நாம். தம்பி, இது குர்ஆனுக்கு மரியாதை சேர்க்கிற காரியம் இல்லை.

லெமைத்ரே யார் தெரியுமா? பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் பாப்பரசர் 12ஆம் பயஸ், பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருப்பதாக விஞ்ஞானிகள் சொல்வது படைப்புக்கே சாட்சி என்கிற பொருளில் பேசினார். அந்தக் கோட்பாட்டைத் தந்த பாதிரியார் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா, அவருக்கோ அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, கடவுளை மறுப்பவரும் அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம் என்பதுதான் கடைசிவரை அவர் நிலை. மறு ஆண்டு ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது பாப்பரசர் அந்த வாதத்தை மறுபடியும் சொல்லவில்லை. அங்கியைக் கழற்றாத பாதிரியார், ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதவர், அவரே வேண்டாம் என்ற வேலையை நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன், இது நம் பக்கத்து ஆள். 1979இல் இயற்பியல் நோபல் பரிசை அப்துஸ் ஸலாம், ஸ்டீவன் வைன்பர்க், ஷெல்டன் கிளாஷோ மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஸலாம் ஸ்டாக்ஹோம் விருந்தில் எழுந்து சூரத்துல் முல்க்கில் இருந்து வசனம் ஓதிப் பேசினார். வைன்பர்க் கடவுள் இல்லை என்று வெளிப்படையாக எழுதியவர். ஆனால் இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து வந்து சேர்ந்த கோட்பாடு ஒன்றே. (ஸலாமின் அஹ்மதி நம்பிக்கை பற்றி நம்மில் பலருக்கு மாற்றுக் கருத்து உண்டு, அது வேறு பேச்சு. அதற்காக அவருடைய கல்லறைக் கல்லில் இருந்து 'முஸ்லிம்' என்ற சொல்லை அழித்ததை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.) அந்தக் கோட்பாடு இன்ன துகள்கள் இருக்க வேண்டும், எடை ஏறத்தாழ இவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னது. 1983இல் ஜெனிவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டபிள்யூ, இசட் துகள்கள் அகப்பட்டன, புரோட்டானைப்போல ஏறத்தாழ 86 மடங்கும் 97 மடங்கும் எடை, கணக்கு சொன்ன இடத்திலேயே. அகப்படாமல் போயிருந்தால் ஓதியவரும் மறுத்தவரும் சேர்ந்தே தோற்றிருப்பார்கள். அறிவியலில் முன்கூட்டிச் சொல்வது என்றால் இதுதான். தோற்றுப்போகிற ஆபத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நடந்து முடிந்த பிறகு வசனத்தை எடுத்துப் பொருத்துவதை இதோடு ஒரே வரிசையில் வைத்தால் நண்பர் எப்படி ஒத்துக்கொள்வார்?

ரோமர்கள் வெல்வார்கள் என்ற ரூம் அத்தியாயத்து முன்னறிவிப்பு அப்படிப்பட்டது இல்லை, அது கனமான விஷயம். 614இல் பாரசீகர்கள் ஜெருசலேமைப் பிடித்தார்கள், ரோமப் பேரரசின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்த காலம். அந்த நிலையில், தோற்ற ரோமர்கள் சில ஆண்டுகளுக்குள் வெல்வார்கள் என்கிறது வசனம். 622இல் ஹெராக்ளியஸ் எதிர்த்துக் கிளம்பினார், 627 டிசம்பரில் நினிவே அருகே பாரசீகப் படையை முறியடித்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் நண்பர் கேட்கிறது வரலாற்றுக் கேள்வி, வெற்றிக்கு முன்பே அது சொல்லப்பட்டது என்பதற்கு வெளிச்சாட்சி என்ன என்று. குழுவில் யாராவது உடனே பர்மிங்காம் ஏட்டை, அதாவது அங்குள்ள மிகப் பழைய குர்ஆன் தோல் ஏட்டை, எடுத்துப் போடுவார்கள், நீங்கள் போடாதீர்கள். அந்தத் தோலின் காலம் 568க்கும் 645க்கும் இடையில் என்று கணித்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் அதில் இருப்பது 18 முதல் 20 வரையிலான அத்தியாயங்களின் பகுதிகள். ரூம் 30ஆம் அத்தியாயம். நாம் அந்த வசனம் மக்காவில், வெற்றிக்கு முன்பே இறங்கியது என்று ஏற்பது அதைக் கேட்டு, மனனம் செய்து, கைமாற்றித் தந்தவர்கள் மேலுள்ள நம்பிக்கையால். நான் அவர்களை நம்புகிறேன். நம்பாத ஒருவருக்கு ஆய்வுக்கூட அறிக்கை மாதிரி அதை நீட்ட முடியாது, அவ்வளவுதான்.

சேற்று நீர் விஷயம் சின்னது. அந்த வசனத்தில் வரும் துல்கர்னைன் என்ற மன்னர் மேற்கே போய் நின்ற இடத்தில் அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது என்று பழைய விரிவுரையாளர்கள் ராஸியும் இப்னு கஸீரும் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், இப்போது நாம் தப்பிப்பதற்காகக் கண்டுபிடித்த விளக்கம் இல்லை. இதை நண்பரிடம் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். இங்கே "அது அறிவியல் பாடம் இல்லை, அப்படி வாசிக்காதே" என்று சொல்லிவிட்டு, 51ஆம் அத்தியாயத்தில் மட்டும் "பார் அறிவியல்" என்றால் அவர் சிரிக்கத்தான் செய்வார்.

இனி நான் முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். நபிகள் நாயகத்தின் (ஸல்) மகன் இப்ராஹீம் பால்குடி மறக்காத வயதில் மௌத்தானார். அன்றைக்கே சூரிய கிரகணம் பிடித்தது. வானியல் கணக்குப்படி 632 ஜனவரி 27 அன்று மதீனாவில் கிரகணம் தெரிந்திருக்கிறது. இப்ராஹீம் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். யோசித்துப் பாருங்கள், தம்பி. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், எதிரில் நம்பத் தயாராக ஒரு கூட்டம், மேலே இருண்டுபோன வானம். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும், உலகம் முழுக்கச் சொல்லும் அற்புதமாக அது ஆகியிருக்கும். அவர் எழுந்து சொன்னது, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று. சொல்லிவிட்டுத் தொழச் சொன்னார். இது புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. ஹதீஸ் தொகுக்கப்பட்டது பிந்திய காலம் என்பார் நண்பர், சொல்லட்டும். இதை நான் அவருக்கு ஆதாரமாகக் கொடுக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கையில் தானாக வந்து விழுந்த அற்புதத்தையே வேண்டாம் என்ற நபியின் பெயரால் நாம் இல்லாத அற்புதங்களைத் தேடி அலைகிறோம்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணம் உங்களுக்கும் நினைவிருக்கும். பினாங்கில் முழு வளையம் தெரியவில்லை, பெரும்பகுதி மறைந்தது. எங்கள் பகுதிப் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் கிரகணம் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தொடங்கி எப்போது விடும் என்று முன்கூட்டியே ஒட்டியிருந்தார்கள். அந்த நிமிடத்தில் தொடங்கியது. வாசல் மரத்தடியில் இலைகளுக்கு நடுவே விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாகக் கிடந்தன, பிள்ளைகள் அதை உள்ளங்கையில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் உள்ளே போய், தொழுகையின் ஒவ்வொரு சுற்றுக்கும் (ரக்அத்) இரண்டு முறை குனிந்து (ருகூஉ) நீளத் தொழுதோம். கணக்குத் தெரிந்ததால் தொழுகை குறையவில்லை, தொழுததால் கணக்கு தப்பவுமில்லை. இமாம் கஸ்ஸாலியும் கிரகணத்தை எடுத்துக்காட்டாக வைத்துத்தான் எழுதினார். வானியலார் நிரூபித்ததை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்று. அவர் இறந்தது 1111இல்.

நண்பரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1929 டிசம்பரில் பெரியார் முதன்முதலாக மலாயா வந்தபோது கப்பலில் இருந்து இறங்கியது இந்தப் பினாங்கில்தான். அதே மனிதர் தமிழ்நாட்டில் மீலாது மேடைகளில் ஏறி, சாதி இழிவிலிருந்து விடுபட இஸ்லாத்தைப் பாருங்கள் என்று பேசியவர். கடவுள் இல்லை என்பவரைத் தன் மேடையில் உட்கார வைத்துப் பேசவிட்ட தமிழ் முஸ்லிம்களின் வழியில் வந்தவர்கள் நாம். வாயை அடைப்பது என்ற பேச்சே நமக்குப் பொருந்தாது. அதிலும் இந்த நாட்டில். 2017இல் கோலாலம்பூரில் நாத்திகர்கள் சிலர் கூடி எடுத்த ஒரு படம் வெளிவந்ததும், அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று அமைச்சர் ஒருவரே பேசினார். உங்கள் நண்பர் முஸ்லிம் குடும்பத்தில் பிறக்காததால் குழுவில் இவ்வளவு பேச முடிகிறது. அதே சந்தேகம் உங்கள் சின்னம்மா மகனுக்கு வந்தால் அவன் எங்கே போய்ச் சொல்வான்? எதிரில் இருப்பவர் முழுதாகப் பேச முடியாத இடத்தில் கிடைக்கிற வெற்றியை நான் வெற்றி என்று எண்ணுவதில்லை.

உங்கள் தொழுகைக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிது. நான் தொழுவது ஹப்பிள் தொலைநோக்கியில் பார்த்ததற்காக இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் கல்லாவில் கை வைக்காமல் இருக்க, மறுமையில் கணக்குக் கேட்கப்படும் என்ற பயம் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. நண்பர் அந்தப் பயம் இல்லாமலேயே யோக்கியமாக இருப்பார், இருக்கிறவர்களை எனக்குத் தெரியும், அதனால் இதுவும் ஆதாரம் ஆகாது. ஆனால் என் வாழ்க்கை இதன் மேல்தான் நிற்கிறது. என் ஈமானை ஆட்டிப் பார்க்கிற கேள்வி பிரபஞ்சம் இல்லை, மருத்துவமனையில் நோவில் கிடக்கிற பச்சைக் குழந்தைதான். நண்பர் அதைக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க முடியாது.

மனம் நிற்கவில்லை என்பதற்காகத் தொழாமல் இருந்துவிடாதீர்கள். சொல்ல நா கூசுகிற எண்ணங்கள் வருகின்றன என்று தோழர்கள் வந்து முறையிட்டபோது, அதுதான் தெளிவான ஈமான் என்று நபிகள் சொன்னதாக 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது.

குழுவில் நண்பருக்கு இப்படி எழுதுங்கள்: "நீ கேட்ட பெயர் என்னிடம் இல்லை. அந்த வீடியோ வாதத்தை விட்டுவிடுகிறேன். ரூம் வசனத்தை நான் நம்புகிறேன், ஏன் நம்புகிறேன் என்று சொல்கிறேன், நீ நம்ப வேண்டியதில்லை." அப்புறம் அவர் எதை நம்பி வாழ்கிறார் என்று கேளுங்கள், மடக்குவதற்காக இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக. அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்
பினாங்கு