மருத்துவக் கேள்வி பதில்: வெள்ளைக்குள் மறையும் வெள்ளை

கேள்வி: என் நாத்தனாருக்கு வயது 48. ஐந்து வாரங்களாக அவருடைய இடது மார்பகம் வீங்கிச் சிவந்து, தோல் தடித்திருக்கிறது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) அறிக்கையில் 'அடர்த்தி அதிகம், தோல் தடித்துள்ளது, தனியாகக் கட்டி தெரியவில்லை' என்று இருக்கிறது. இப்போது கையில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு மறுபடியும் மேமோகிராம் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். கட்டி இல்லை என்ற பிறகு இது எதற்கு? அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், சிறுநீரகம் கெட்டுவிடாதா?
வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: அறிக்கையில் 'கட்டி தெரியவில்லை' என்றுதான் இருக்கிறது, அதை நீங்கள் 'கட்டி இல்லை' என்று வாசித்துவிட்டீர்கள். மேமோகிராமில் கொழுப்பு கருமையாகவும், பால் சுரப்பித் திசுவும் கட்டியும் வெள்ளையாகவும் விழும். வீங்கிய மார்பகத்தில் தேங்கும் நீரும் வெள்ளையாகவே விழுவதால், உள்ளே ஒரு கட்டி இருந்தாலும் அது சுற்றியுள்ள வெள்ளையில் கரைந்துபோகும்.

கான்ட்ராஸ்ட் மேமோகிராம் நிறத்தை நம்பாமல் இரத்த ஓட்டத்தைத் தேடுகிறது. புற்றுக்கட்டி தனக்கென உருவாக்கிக்கொள்ளும் புது இரத்தக் குழாய்கள் கசியும் தன்மை உடையவை என்பதால், கை நரம்பில் ஏற்றிய அயோடின் மருந்து அங்கே கூடுதலாகச் சேர்கிறது. ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம் கழித்து, மார்பகத்தை அழுத்திப் பிடித்த ஒவ்வொரு நிலையிலும் குறைந்த ஆற்றலில் ஒன்றும் அதிக ஆற்றலில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுக்கிறார்கள். 33 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் என்ற ஆற்றல் அளவைத் தாண்டிய எக்ஸ் கதிர்களை அயோடின் சட்டென்று அதிகமாக உறிஞ்சும் என்பதால், இரு படங்களையும் கணினியில் சேர்த்துக் கழிக்கும்போது சாதாரணத் திசுவின் வெள்ளை மங்கி, அயோடின் தங்கிய இடம் மட்டும் எடுப்பாகத் தெரியும். அமெரிக்காவில் 2011இல் அனுமதி பெற்ற முறை இது. எம்.ஆர்.ஐ இதைவிட நுட்பமானது, மார்புச் சுவரையும் காட்டும். ஆனால் இது விரைவில் முடிவதோடு, பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் குழாய்க்குள் படுக்க அஞ்சுபவர்களுக்கும் கைகொடுக்கிறது.

இதன் வரம்பையும் சொல்லிவிட வேண்டும். சீழ்க்கட்டியும் அழற்சியும்கூட அயோடினை இழுத்துக்கொள்ளும். ஆகவே படத்தில் ஓரிடம் எடுப்பாகத் தெரிவதாலேயே அது புற்றுநோய் ஆகிவிடாது. எதுவும் தெரியாததாலேயே சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிடுவதும் இல்லை. மார்பகத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சிவந்து, ஆரஞ்சுத் தோல் போலக் குழிகள் விழுந்து, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வீக்கம் என்றால் அழற்சி வகைப் புற்றுநோயை நினைத்தே ஆக வேண்டும். முடிவைச் சொல்வது, திசுவில் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான். அதற்கான ஊசியை எங்கே செலுத்துவது என்பதைக் காட்டுவதே இந்தப் படத்தின் பெரிய பயன். தோலிலிருந்தும் சிறு துண்டு எடுக்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள்.

முதலில் சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பாருங்கள். சிறுநீரகம் சரியாக இயங்கினால் மெட்ஃபார்மினைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. செயல்பாடு மிகவும் குறைந்திருந்தால் ஊசிக்குப் பின் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள், அல்லது ஊசியையே தவிர்ப்பார்கள். முன்பு கான்ட்ராஸ்ட் ஊசியால் ஒவ்வாமை வந்திருந்தாலும், ஆஸ்துமாவோ தைராய்டு மிகுதியோ இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். வீங்கிய மார்பகத்தை அழுத்தும்போது வலிக்கும் என்பதைப் படம் எடுப்பவரிடம் தெரிவித்தால் மெதுவாக அழுத்துவார். மும்பையில் நம்மவர்கள் பலர் 'கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். சில வாரங்களிலேயே பரவக்கூடிய நோய் அத்தனை மாதம் காத்திருக்காது.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அம்மாவுக்கு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள வலது கையும் அந்தப் பக்க மார்பகமும் வீங்கியுள்ளன. அவருக்கும் இந்தப் படம் தேவையா?
வாசகர், செம்பூர், மும்பை

பதில்: கையும் மார்பகமும் சேர்ந்து வீங்கினால், நெஞ்சுக்குள் செல்லும் பெரிய சிரை (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) சுருங்கியிருக்கலாம், டயாலிசிஸ் டாக்டரிடம் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மார்பகத்துக்குச் சாதாரண மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுத்த பிறகும் சந்தேகம் இருந்தால், கான்ட்ராஸ்ட் ஊசியைப் பற்றிச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்யட்டும். போடுவதானால் ஃபிஸ்டுலா இல்லாத கையில் போட வேண்டும்.